இரட்டைத் தொட்டிச் சலவை யந்திரம்



சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், குப்பத்திலிருந்து பலமனேருக்குச் செல்லும் சாலையில் சாந்திபுரம் என்றோர் ஊர் உண்டு. கடல் மட்டத்திற்கு இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டு நிலம். ஆந்திர எல்லைக்குள் அமைந்திருந்தாலும், கர்நாடகமும் தமிழகமும் அருகிலேயே இருப்பதால் மூன்று மொழிகளும் அங்கே சந்தையில் கலந்து ஒலிக்கும். பட்டுப் புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறிப்போரும், தக்காளி பயிரிடுவோரும், பால்மாடு வைத்திருப்போரும் நிறைந்த வட்டாரம் அது. தக்காளிச் செடியிடையே அரை நாள் வேலை செய்தவருடைய கையைப் பார்த்திருப்பீர்கள். பச்சையும் கறுப்புமாக ஒரு பிசின் ஒட்டியிருக்கும். அந்தப் பிசின் துணியிலும் ஏறும். அதன்மேல் செம்மண் ஏறும். ஆகவே துவைக்கும் வேலைக்கு அங்கே ஒருநாளும் குறைவில்லை. துவைப்பதற்கு வேண்டிய தண்ணீருக்குத்தான் குறை.

பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டரும், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டரும், தமிழகத்தில் 222 கிலோமீட்டரும் ஓடுவதாகக் கணக்குச் சொல்வார்கள். அந்த 33 கிலோமீட்டர் இந்தக் குப்பம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்காக நாம் சொல்லும் சொல். ஆண்டில் பெரும்பகுதி அங்கே காண்பது மணலே. கருங்கற் பாறையைத் துளைத்து இறக்கிய ஆழ்குழாய்க் கிணறுகளே நெடுங்காலமாக ஊரைக் காத்து வந்திருக்கின்றன. அந்த நீரோ கடின நீர். சோப்பு எளிதில் நுரைக்காது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். கிருஷ்ணா நீரைக் கொண்டுவர ஹந்திரி நீவா கால்வாயின் குப்பம் கிளையை வெட்டியிருக்கிறார்கள். ஆயினும், குடத்தை எண்ணிச் செலவழிக்கும் வழக்கம் அம்மக்களின் கையோடு பிறந்தது.

இத்தகைய ஊர்களில், வீட்டுப் பின்கட்டில் கோணிச் சாக்குப் போர்த்தி மூலையில் ஒதுக்கியிருக்கும் ஒரு பொருளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதுதான் இரட்டைத் தொட்டிச் சலவை யந்திரம். ஒரு தொட்டியில் துவைத்து, மறு தொட்டியில் போட்டுப் பிழிந்தெடுக்கும் பழைய வகை. 'செமி' என்று சுருக்கமாகச் சொல்லுவார்கள். இருபத்தைந்து, முப்பது வயதான இந்த யந்திரங்களை எடைக்குப் போடும் வழக்கம் பெருகிவருகிறது. அவற்றுள் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே உயிர்ப்பிக்கலாம். அவ்வாறு உயிர்ப்பித்த யந்திரம், தண்ணீர் அரிதான மேட்டு நிலத்திற்குப் புதிய யந்திரங்கள் பலவற்றைவிடப் பொருத்தமானது.

முதலில் அதன் குலமரபைச் சிறிது பார்ப்போம். சாந்திபுரத்திற்கு அண்மையில் உள்ள கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஹர்லி நிறுவனம் 'தோர்' என்னும் மின் சலவை யந்திரத்தை விற்கத் தொடங்கியது அதற்கு ஆறாண்டுகள் பின்னர், 1908-இல்தான். ஆனால் தங்கவயலுக்கு வந்த மின்சாரம் பாறையைத் தோண்ட வந்ததேயன்றித் துணி துவைக்க வந்ததன்று. நம் பெண்மக்கள் மேலும் எண்பது ஆண்டுகள் கல்லில் அடித்தே துவைத்தார்கள். சலவைத் தொழிலாளரோ, உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, வெள்ளாவியில் அடுக்கி, நீராவியில் வேகவைத்து, ஆற்றங்கரைக்குச் சுமந்து சென்றார்கள். உவர்மண்ணிலுள்ள சோடா உப்பு எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாகவே மாற்றிவிடுகிறது என்பது வேதியியல். அதை ஏட்டைப் பாராமலே அறிந்திருந்தவர்கள் அவர்கள்.

பழைய மேலை நாட்டு யந்திரங்களில் தொட்டியின் நடுவே மரத்தண்டு போன்ற கலக்கி ஒன்று நின்று அசையும். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டு மெர்தர் டிட்வில் நகரில் ஹூவர் நிறுவனம் 1948-இல் ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்கு உருவான சிறு யந்திரத்தில் அந்தத் தண்டு இல்லை. தொட்டிச் சுவரில் பதித்த ஒரு தட்டு சுழன்று நீரைச் சுழியாக்கியது. அந்த முறையைப் பின்பற்றி ஜப்பானில் சான்யோ நிறுவனம் 1953-இல் மலிவான யந்திரம் ஒன்றைச் செய்தது. தட்டு பின்னர்ச் சுவரிலிருந்து அடித்தளத்திற்கு இறங்கியது. பக்கத்தில் பிழியும் தொட்டி சேர்ந்தது. 1960-களில் ஜப்பானிய வீடுகளில் அது பரவியது. அதன் வழித்தோன்றல்களே 1980-களின் பிற்பகுதியில் நம் நாட்டுக்கு வந்தன. வீடியோகான் போன்ற நிறுவனங்கள் அவற்றைச் செய்தன. வேர்ல்பூல் நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்தோடு கூடிப் புதுச்சேரியில் சலவை யந்திரத் தொழிற்சாலை அமைத்ததும் அக்காலத்தில்தான். மெர்தர் டிட்வில் தொழிற்சாலை 2009-இல் யந்திரம் செய்வதை நிறுத்திவிட்டது. வீடியோகான் 2018-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஆக, தாய்வீடு மூடப்பட்ட பின்னும் பிள்ளைகள் நம் பின்கட்டில் இருக்கின்றன.

இனி யந்திரத்தைத் திறப்போம். திறப்பதற்கு முன் மின் இணைப்பைப் பிடுங்கி, செருகியைக் கண்ணில் படும்படி மேலே வைத்துவிட வேண்டும். விசையை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்து, கைப்பேசியால் கம்பிகளின் நிறமும் இடமும் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து திருகாணிகளைக் கழற்றிப் பின்பலகையை எடுத்தால், உள்ளே இருப்பதனைத்தும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இரண்டு மோட்டார்கள், ஒரு வார், வார் சுற்றும் பெரிய சக்கரம், ஒரு மின்தேக்கி, மேலே இரண்டு காலக் கருவிகள். அவ்வளவுதான். எழுத்துப் பலகையோ மின்னணுத் தகடோ ஒன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எது எதைச் சுழற்றுகிறது என்று விரலால் காட்டிவிடலாம்.

துவைக்கும் மோட்டாரின் நடையை அறிந்துகொண்டால் பாதிப் பழுதுகள் விளங்கிவிடும். அதற்குள் ஒரே மாதிரியான இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. மின்தேக்கியை ஒரு சுருளோடு சேர்த்தால் மோட்டார் வலமாகச் சுழலும். மற்றதோடு சேர்த்தால் இடமாகச் சுழலும். காலக் கருவிக்குள் இருக்கும் பற்சக்கரம், மின்தேக்கியை இப்படி மாற்றி மாற்றிச் சேர்க்கிறது. துணி ஒருபுறம் சுழன்று, சற்றே நின்று, மறுபுறம் சுழல்வது இதனால்தான். ஆகவே மோட்டார் சுழலாமல் முனகிக்கொண்டு நின்றால், முதலில் ஐயப்பட வேண்டியது மின்தேக்கியை. அது சிறிய பொருள், விலையும் சிறிது. பழையதன் மேல் அச்சிட்டுள்ள அளவையே பார்த்துப் புதியது வாங்க வேண்டும். மின்சாரத்தைப் பிடுங்கிய பின்னும் அது தன்னுள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். வெறுங்கையால் முனைகளைத் தொடலாகாது. அந்த ஒரு வேலையை மின் பணியாளரிடம் விடுவதே நன்று.

ஒருபுறம் மட்டும் சுழன்று மறுபுறம் சுழலாவிட்டால் குற்றம் பெரும்பாலும் காலக் கருவியில் இருக்கும். பழைய காலக் கருவி ஒரு கடிகாரமே. நாம் திருகும்போது அதன் வில் முறுக்கேறுகிறது. பிறகு 'டிக் டிக்' என்று அவிழ்கிறது. மின்சாரம் போனாலும் அது நிற்காது. மோட்டார் ஓய்ந்துவிடும், கருவி மட்டும் தன் பாட்டுக்கு மணி எண்ணிக்கொண்டே இருக்கும். மின்சாரம் திரும்பி வரும்போது, துவைத்த நேரம் எவ்வளவு, போன நேரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீண்டும் ஒரு திருகு திருகிவிட வேண்டியதுதான். குப்பம், குடுபல்லி, சாந்திபுரம், ராமகுப்பம் மண்டலங்களுக்கு நெடுநாள் மின்சாரம் வழங்கியது ஓர் ஊரகக் கூட்டுறவுச் சங்கம். மின்சாரம் வந்தும் போயும் விளையாடிய அந்நாட்களில், நடுவழியில் நின்றாலும் நினைவிழக்காத யந்திரமாக இது விளங்கியது. நினைவு யந்திரத்திடம் இல்லை, இல்லத்தரசியிடம் இருந்தது என்பதே அதன் இரகசியம்.

மோட்டாரே கருகிப்போயிருந்தால்? அதற்கும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆழ்குழாய்க் கிணறு உள்ள நாட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத சந்திப்பு ஏது? நூற்றுக்கணக்கான அடி ஆழத்து மோட்டாரை எடுத்துக் கட்டுகிறவருக்குச் சலவை யந்திர மோட்டார் கைப்பிள்ளை போன்றது. சிலவற்றில் அலுமினியக் கம்பி சுற்றியிருப்பார்கள். கட்டும்போது செப்புக் கம்பியாகவே கட்டச் சொல்லுங்கள். செலவு சற்றுக் கூடும், ஆயுளும் கூடும்.

பிழியும் தொட்டியின் கதை வேறு. அதன் மோட்டார் தொட்டிக்கு நேர் கீழே நிற்கிறது. நிமிடத்திற்கு ஆயிரத்து முந்நூறு சுற்றுக்கு மேல் சுழலும் தொட்டியின் தண்டு, ஒரு ரப்பர் உறையின் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த உறை கிழிந்தால் சோப்பு நீர் நேரே மோட்டாரின் தலையில் சொட்டும். பல யந்திரங்கள் மாண்டதற்குக் காரணம் இந்த ரப்பர் உறையேயாகும். கிழிசல் சிறியதாக இருக்கும்போதே, யந்திரத்தின் அடியில் நீர் தேங்குவதைக் கண்டு மாற்றிவிட்டால் மோட்டார் பிழைக்கும். வீட்டில் எத்தனையோ பேர் அந்த ஈரத்தைத் 'தரையில் சிந்திய தண்ணீர்' என்று துடைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அதே தொட்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் மின்சாரம் அறுபட்டு, தடைக்கட்டை தொட்டியை இறுகப் பிடித்து நிறுத்த வேண்டும். மூடியின் விசை பழுதாகிவிட்டால், அதை நேராக இணைத்துவிட்டுப் போகும் பணியாளர் சிலர் உண்டு. சுழலும் தொட்டிக்குள் கையை விட்ட குழந்தைக்கு நேர்வதை நான் இங்கு விவரிக்கப் போவதில்லை. அந்த விசையும் தடையும் சரியாக இல்லாத யந்திரம், மற்றெல்லாம் புதியதாக இருப்பினும், ஓடத் தகுதியற்றது.

இனி அடித்தட்டைக் கழற்றும் இன்பமான வேலை. துவைக்கும் தொட்டியின் அடியில் இருக்கும் தட்டை நடுத் திருகாணி ஒன்றே பிடித்திருக்கும். அதைக் கழற்றித் தூக்கினால், ஒரு குடும்பத்தின் வரலாறே கீழே கிடக்கும். ஊக்கு, பொத்தான், கொண்டை ஊசி, இன்று செல்லாத நாணயம், பள்ளிச் சட்டையின் சின்னம், எல்லாம் சுண்ணாம்புப் படலத்தில் புதைந்திருக்கும். கடின நீர் விட்டுச்சென்ற அந்தப் படலத்தைச் சுரண்டிக் கீறாதீர்கள். வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து, சில மணி நேரம் ஊறவிட்டால் அது தானே இளகும். வெளியேற்றும் குழாயின் அடைப்பையும் அப்போதே எடுத்துவிடலாம். வாரைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் மோட்டாரைச் சற்றுத் தள்ளி இறுக்குங்கள்.

வெளிக்கூட்டைக் கெடுப்பவை இரண்டு: துரு, எலி. சலவை நடக்கும் ஈரத் தரையில் நிற்பதால் இரும்புக் கூடு கீழிருந்து மேலாக அரிக்கப்படுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, செங்காவி முற்பூச்சு இட்டு, அதன்மேல் இனாமல் வண்ணம் இருமுறை பூசி, நாலு விரற்கடை உயரத்தில் பலகைமேல் நிறுத்துங்கள். எலிக்கோ, கம்பியைச் சுற்றியுள்ள உறை மிக விருப்பமான தீனி. யந்திரத்தின் அடித்திறப்பில் ஒரு கம்பி வலை அடித்துவிட்டால் தீர்ந்தது.

நிலத்தொடர்பு, அதாவது 'எர்த்', இவை அனைத்தினும் முதன்மையானது. நீரும் மின்சாரமும் சேரும் யந்திரத்திற்கு மூன்று முனைச் செருகியும் உண்மையான எர்த்தும் இன்றியமையாதவை. பாறை நிலத்தில், கோடையில், எர்த் குழியில் ஈரம் வற்றிவிடும். அப்போது அது பெயரளவில் எர்த்தாக இருக்கும். கரியும் உப்பும் இட்ட குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டாம். அதோடு 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் மின்னை அறுத்துவிடும் காப்பு விசை ஒன்றையும் மாட்டிவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் எர்த்துக்கு ஒரு குடம் என்றால் வீண் செலவாகத் தோன்றும். அந்த ஒரு குடத்தில் கஞ்சத்தனம் காட்டலாகாது.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். நடுத்தர அளவான துவைக்கும் தொட்டியை நிரப்ப ஏறத்தாழ மூன்று குடம் வேண்டும். குழாயில் விசையோடு நீர் வர வேண்டிய அவசியம் இல்லை. குடத்தால் மொண்டு ஊற்றினாலும் யந்திரம் மறுக்காது. மேல் திறக்கும் தானியங்கி யந்திரம் தன் விருப்பப்படி நூறு லிட்டருக்கும் மேல் எடுத்து, ஒருமுறை துவைத்தவுடன் அத்தனையையும் கொட்டிவிடும். முன்புறம் திறக்கும் யந்திரம் சிக்கனமானதுதான். ஆனால் அதற்குக் குழாய் விசையும், தடையில்லா மின்சாரமும் வேண்டும். நம் பழைய யந்திரத்தில் ஒரே சோப்பு நீரில் முதலில் வெள்ளைத் துணியும், அடுத்து வண்ணத் துணியும், கடைசியில் தோட்டத்துத் துணியும் துவைக்கலாம். அலசுவதற்கு முன் ஒருமுறை பிழியும் தொட்டியில் போட்டு எடுத்தால், துணியில் தங்கிய சோப்பு நீர் வெளியேறிவிடும். அலசுநீர் பாதியாகக் குறையும். இங்கிலாந்தின் பழைய இரட்டைத் தொட்டிகளில், பிழிந்த சோப்பு நீரைத் துவைக்கும் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் சிறு பம்பு இருந்தது. நம்முடையவற்றில் அது இல்லாவிட்டாலும், வெளியேற்றும் குழாயின் வாயில் ஒரு வாளி வைத்தால் அதே பயன் கிடைக்கும்.

பயனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்பத்தைச் சொல்ல மறந்துவிடுவோம். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஈட்டன் என்னும் ஊரில் லீ மாக்ஸ்வெல் என்ற பேராசிரியர், பழைய சலவை யந்திரங்களை ஆயிரத்திற்கும் மேலாகச் சேர்த்து, செப்பம் செய்து, ஓர் அருங்காட்சியகமே அமைத்தார். அவ்வளவு பெரிய பித்து நமக்கு வேண்டாம். ஆயினும், புதுப்பித்த யந்திரத்தின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீர் சுழித்துத் துணியை உள்ளே இழுப்பதையும், ஒரு கணம் மூச்சுவாங்கி மறுபுறம் திரும்புவதையும் பார்த்தவர் அங்கிருந்து எளிதில் நகரமாட்டார். குப்பத்தில் கங்கையம்மன் ஜாத்திரை நெருங்கும் நாட்களில், வீட்டிலுள்ள போர்வை, திரைச்சீலை யாவும் வெளுப்புக்கு வரும். அன்று காலையில் அந்த யந்திரத்தின் ஓசை கேட்கும் வீட்டில், கிணற்றடிக் கல்லின்முன் குனிந்து முதுகு ஒடிந்த பாட்டி ஒருத்தி, திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022-இல் ஒரு குழுவையும், அதே ஆண்டின் இறுதியில் ஓர் இணையதளத்தையும் ஏற்படுத்தியது. மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. சலவை யந்திரமும் அவற்றுள் அடங்கும். நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனால் மூடிப்போன நிறுவனத்தின் ரப்பர் உறையை எந்த விதியும் கொண்டுவந்து தராது. அதை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். சாந்திபுரத்தார்க்கு வழி எளிது: குப்பத்தில் ரயிலேறினால் பெங்களூர்; அங்கே சதர் பத்ரப்ப சாலைப் பக்கத்துக் கடைகளில் பழைய உதிரிப் பொருள்களைத் தேடலாம். தமிழகத்தார்க்குச் சென்னைச் சந்தைகள் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, பழைய உறையையும் வாரையும் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பதே சரியான முறை. ஒரு நிறுவனத்தின் உறை மற்றொன்றுக்குப் பொருந்துவதும் உண்டு. கிடைக்கும்போது இரண்டிரண்டாக வாங்கிவிடுங்கள். வாங்கிய ஆண்டைத் தாளில் எழுதி உடன் வைத்து, பையில் கட்டி, வெயில் எட்டாத இடத்தில் மாட்டுங்கள். வெயில் பட்ட ரப்பர் பயன்படுத்தாமலே வெடித்துவிடும்.